தம்பி லாட்ஜை விட்ட வாரம்

துணியில் ஒயின் கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். நிறையப் பேர் அவசரப்பட்டு வெந்நீரில் முக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கறை ஆயுசுக்கும் போகாது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் கோயிலின் பீடத்துணிகளை நான்தான் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுக்கிறேன். பூசைப் பாத்திரம் துடைத்த துணியின் முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, ஆண்டவருடைய இரத்தத்தின் துளி அதில் இருக்கலாம். மண்ணில்தான் ஊற்ற வேண்டும். கொல்லைப் பக்கம் செடிக்கு அடியில் ஊற்றுவேன். ஒரு நாள்கூட மறந்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எதிரில் உட்கார்ந்திருப்பவள் கவனம் தப்புகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதுவதை நிறுத்திவிட்டு, "தண்ணி குடிங்கம்மா" என்று டம்ளரை நகர்த்துகிறீர்கள். எனக்குத் தாகம் இல்லை. எழுதுங்கள்.

முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோருக்கும் நான் மருந்தம்மா. ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் தெருவில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை மாறிப் போனது என்று யாரும் என் ஜன்னலுக்குத் திரும்பி வந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் மாறிப் போகவில்லை. என் தம்பி இதயம் நின்று இயற்கையாகச் சாகவில்லை. நான்தான் அவனை அனுப்பி வைத்தேன். எதற்கு, எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் அழ மாட்டேன், பயப்படாதீர்கள்.

அம்மா போகும்போது எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு இரண்டு. அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். விரலில் மையும் வாயில் மௌனமுமாக வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், படுப்பார். கன்னியர் மடத்தில் அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்வதாக எனக்குக் கடிதம் வந்திருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு அவனுக்குப் பால் காய்ச்சினேன். தியாகம் என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்ல மாட்டேன். யாராவது செய்ய வேண்டியிருந்தது, நான் இருந்தேன். அவனுக்குச் சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தது நான். கோயிலில் முதல் தடவை திருவப்பம் வாங்குகிற முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்தது நான். சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பியதும் நான்தான். ஏழு பெண்கள் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை; அவன் கண்ணுக்குத் தெரியாதது என் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியே நாற்பது தாண்டிவிட்டது. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வக்கீலானான், கட்சியில் சேர்ந்தான், இரண்டாவது தேர்தலில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனான். ஊருக்கு அவன் வக்கீல். எனக்குத் தம்பி.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவனைக் காணோம் என்று டிரைவருக்குப் போன் பண்ணினேன்.

"ஐயா லாட்ஜுக்குப் போயிருக்காரும்மா. மாசத்துல ரெண்டாவது வியாழன் தவறாம போவாரு" என்றான்.

லாட்ஜ் என்றால் எனக்கு என்ன தெரியும்? பஸ் நிலையத்துக்கு எதிரே பச்சைப் பெயின்ட் அடித்த கட்டடம்தான் நினைவுக்கு வந்தது. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு எனக்குப் பெரிய கலக்கம் இல்லை. அதெல்லாம் பலவீனம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு ஃபாதரிடம் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம்.

அடுத்த வாரம் அவனுடைய கோட்டுகளைச் சலவைக்குப் போட எடுத்தபோது அலமாரிக்குப் பின்னால் ஒரு தட்டையான கறுப்புத் தோல் பெட்டி இருந்தது. உள்ளே வெள்ளை ஆட்டுத்தோலில் ஓர் ஏப்ரன், ஓரம் முழுக்க வானநீலப் பட்டு. ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் புத்தகம், பாதி வார்த்தைகளுக்கு முதல் எழுத்து மட்டும் அச்சடித்து மீதியைப் புள்ளியாக விட்டிருந்தது. நான் அப்பா அச்சுக் கோப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அச்சடிக்கிறவன் ஒரு எழுத்தை விட்டால் அது பிழை. எல்லா எழுத்தையும் விட்டால் அவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தான், பார்த்தான், சிரித்தான்.

"ஃப்ரீமேசன் சங்கம்க்கா, அவங்க கூடற எடத்துக்குத்தான் லாட்ஜுன்னு பேரு. பூதம் கீதம் ஒண்ணும் இல்ல. வயசானவங்க நாப்பது பேர் உக்காந்து மனப்பாடம் பண்ணத ஒப்பிக்கறோம், ஒரு பாட்டு பாடறோம், சாப்புட்டு வீட்டுக்கு வந்துடறோம்."

"ஏன் பீரோவுக்குப் பின்னாடி வெச்ச?"

"நீ இப்படி உக்காருவன்னுதான்."

"சாமி இல்லாத கூட்டத்துல உனக்கு என்ன வேலை?"

"சாமிய நம்பாதவன அங்க சேக்கவே மாட்டாங்க, தெரியுமா? மதத்தப் பத்தியும் அரசியலப் பத்தியும் உள்ள பேசக் கூடாதுன்னு விதியே இருக்கு."

"உள்ள பேசாதத சாப்பாட்டு மேசையில பேசுவீங்க."

அதற்கும் சிரித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அது மட்டும் என் வளர்ப்பு. "அக்கா, கட்சித் தலைவர் அங்க எனக்கு ரெண்டு நாற்காலி தள்ளி உக்கார்றாரு. கட்சி ஆபீஸ்ல அவரப் பாக்க மூணு மாசம் ஆகும். ஜட்ஜ் இருக்காரு. போலீஸ்ல பெரியவர் இருக்காரு. உங்க ஆஸ்பத்திரி டீன் இருக்காரு. எல்லாரும் என்ன சகோதரர்னு கூப்புடறாங்க."

அவனுக்குக் கூடப்பிறந்தவள் என்று உலகத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அங்கே நாற்பது பேர்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பூசை உடுப்பு அறையில் பங்குத்தந்தையிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் சின்ன வயசுக்காரர், நல்லவர், கொஞ்சம் தயங்கிப் பேசுகிறவர். "ரோமாபுரி இருநூறு வருஷத்துக்கு மேல ஒரே பதில்தான்மா சொல்லுது. கத்தோலிக்கர் அதுல சேர்ந்தா கனமான பாவம். நன்மை வாங்கக் கூடாது" என்றார். பிறகு நான் மடித்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தபடி, "பக்குவமா பேசிப் பாருங்க. ஆளுங்களத் தொரத்தறதுக்கு இல்ல இந்தச் சட்டம்" என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து. முதலாவதுதான் திருச்சபையினுடையது.

நன்மை வாங்கக் கூடாது. ஆனால் அவன் ஒவ்வொரு ஞாயிறும் வாங்கினான். சனிக்கிழமைதோறும் அப்பங்களை எண்ணிப் பாத்திரத்தில் போடுகிறவள் நான். அவனுக்கும் சேர்த்துத்தான் எண்ணினேன். ஆத்துமத்தை நரகத்துக்குத் தள்ளுகிற சாவான பாவத்தோடு நன்மை வாங்கினால் அது இன்னொரு சாவான பாவம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு. நான் மருந்து எண்ணிப் பழகியவள், கூட்டல் எனக்குத் தானாக வரும். வரிசையில் அவன் வரும்போது கொடுக்காமல் விட்டுவிடச் சொல்லி ஃபாதரிடம் கேட்டேன். "அத்தன பேருக்கு முன்னாடி ஒருத்தர வெறும் நாக்கோட திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராதும்மா" என்றார்.

இரண்டு வருஷம் சும்மா இருக்கவில்லை. பேசிப் பார்த்தேன். பேசாமல் இருந்தும் பார்த்தேன், ஒரு தபசு காலம் முழுக்க, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். அவன் தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போனான். ஏப்ரனின் நாடாக்களைக் கத்திரித்துப் போட்டேன். அடுத்த வியாழனுக்குள் புது நாடா வந்திருந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயருக்குக் கையெழுத்தில்லாமல் மூன்று கடிதம் போட்டேன். பதில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், முகவரி இல்லாத கடிதத்துக்குப் பதில் வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் புதிதாகக் கண் சிகிச்சைப் பிரிவு கட்டினார்கள். பணம் லாட்ஜினுடையது. கல் நாட்டு விழாவுக்குப் பழைய ஊழியர்களையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். ஏப்ரனும் கையுறையுமாக இரண்டிரண்டு பேராக வந்தார்கள். கட்சித் தலைவர்தான் கல்லை வைத்தார். சுத்தியால் மூன்று தடவை தட்டி, அதன்மேல் கோதுமை மணியைத் தூவி, ஒயினும் எண்ணெயும் ஊற்றினார். எங்கள் பீடத்தில் இருக்கிற மூன்று பொருளும். அரைமணி நேரம் கழித்து ஆயருடைய கார் வந்தது. அதே கல்லின்மேல் தீர்த்தம் தெளித்தார். தெளித்துவிட்டுத் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். நடுவில் என் தம்பி, இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தபடி.

தேநீர் நேரத்தில் ஆயரிடம் போய் மோதிரத்தை முத்தி செய்துவிட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்தக் கல்லு மேல என்ன ஊத்துனாங்கன்னு தெரியுமா?"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். கடிதம் யார் போட்டது என்று அப்போது புரிந்திருக்கும். "ஏழைங்களுக்குக் கண்ணு தெரிஞ்சா சரிதாம்மா" என்றார்.

மோசமான பதில் என்று சொல்ல மாட்டேன். கவுன்சிலர் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். ஆயர் சொன்னதால் ஒன்று தெளிவாயிற்று. என் தம்பியின் ஆத்துமத்தைப் பற்றிக் கவலைப்பட இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. மேடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் எல்லோரும் வேண்டியவர்களாக இருந்தார்கள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் கோர்ட்டுப் படியில் மயங்கி விழுந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில். டாக்டர் நான் வேலை பார்த்த காலத்தில் பயிற்சிக்கு வந்தவர், என்னிடம் ஒளிக்கவில்லை. "ஹார்ட்டுல ஆப்பரேஷன் பண்ணியாகணும் மருந்தம்மா. அதுவரைக்கும் மாத்திரையிலதான் ஓடும். எப்ப வேணா எதுவும் நடக்கலாம்" என்றார். மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து ஏழு அறை கொண்ட டப்பாவில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். எப்போது வேண்டுமானாலும் என்றால் என்ன அர்த்தம்? ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதும் ஆகலாம். சாவது எல்லோரும்தான் சாகிறோம். எந்த நிலையில் என்பதுதான் கேள்வி. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஞாயிறு மறைக்கல்வியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

இப்போது டீச்சரைப் பற்றிக் கேட்பீர்கள். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. கணக்கு டீச்சர், புருஷன் இறந்து ஆறு வருஷம். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று தம்பியிடம் மனு கொடுக்க வந்தவள். கூரை சரியான பிறகும் வந்தாள். ஞாயிறு மத்தியானங்களில் வருவாள்; குரல் உயராது, சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். தேநீர் குடித்த கோப்பையைக் கழுவி வேறு அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். அவள் போன பிறகு எடுத்துச் சரியான இடத்தில் வைப்பேன். அவ்வளவுதான்.

போன வாரம் திங்கட்கிழமை காலையில் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். கன்னத்தில் சவரக் காயம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு கை கொஞ்சம் நடுங்கும்.

"அக்கா, லாட்ஜுக்கு எழுதிக் குடுத்துட்டேன். விலகிக்கறேன்னு."

பாத்திரத்தை இறக்கி வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறுக்க மாட்டேன். மூன்று வருஷத்து ஜெபம். "நெசமாவா? எம்பேச்சக் கேட்டா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று சொன்னேன் அல்லவா. "டீச்சர் சொன்னாக்கா" என்றான். "ஒரே ஒரு தடவதான் சொன்னா. கோயிலு ஒண்ணு, லாட்ஜு ஒண்ணுன்னு ரெண்டு வீட்டுல கால வெச்சுக்கிட்டு என் கையப் புடிக்காதீங்கன்னா. யோசிச்சுப் பாத்தேன், அவ சொல்றது சரிதான்னு பட்டுச்சு."

பிறகு மீதியையும் சொன்னான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறான். ஆப்பரேஷன் முடிந்து எழுந்ததும் கோயிலில் கல்யாணம். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவள் வீட்டுக்கே போய்விடுவான். "நீயும் எத்தன வருஷம்தான் எனக்கே ஒழைப்ப? உனக்கும் ஓய்வு வேணும்க்கா" என்றான். தோளில் கை வைத்தான். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை கட்சித் தலைவரிடமிருந்து போன் வந்தது. அடுத்த மந்திரி பட்டியலில் அவன் பெயர் இருந்தது ஊருக்கே தெரியும். "உடம்பு சரியில்லாத ஆளுக்கு மந்திரி வேலை பாரம்தானே வக்கீலு" என்றாராம். லாட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அவர்கள் பழக்கம். தம்பி போனை வைத்துவிட்டு, "போனா போவட்டும்க்கா" என்றான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. சின்ன வயதில் ஜுரம் விட்ட மறுநாள் காலையில் அப்படித்தான் இருப்பான், லேசாக.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு ஆத்திரம் வராது. நிதானமாக இப்படி யோசித்தேன். ஒரு பொம்பளை சொன்னாள் என்று திருந்துகிறவன் எத்தனை நாளைக்குத் திருந்தியிருப்பான்? மயக்கம் மூன்று மாதம். அப்புறம் மந்திரி பதவி ஞாபகம் வரும். தலைவர் ஒரு தடவை முதுகில் தட்டினால் போதும், மறுபடி அந்த ஏப்ரனைக் கட்டுவான். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்மை வாங்கிய அந்த ஒரு மணி நேரம், அவனுடைய நாற்பத்தேழு வருஷ வாழ்க்கையிலேயே அதைவிடச் சுத்தமாக அவன் இருக்கப் போவதில்லை. மோட்சத்தின் கதவு திறந்திருக்கிறது, ஆள் வாசலில் நிற்கிறான். திரும்பிப் போக விடுவதா?

சனிக்கிழமை தொட்டிக்குள் பதினொரு நிமிஷம் இருந்தான். நான் நாலாவது பெஞ்சில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று அபராத ஜெபங்களைச் சொன்னான். அவசரப்படவில்லை. ஞாயிறு ஏழு மணிப் பூசையில் நன்மை வாங்கினான். முந்தின நாள் பாத்திரத்தில் அப்பம் எண்ணிப் போட்டபோது மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனுடையதை நிம்மதியாக எண்ணிப் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பத்து மணிக்குத் தேநீர் போட்டேன். எந்த மாத்திரை, எத்தனை என்பதை உங்கள் டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன். இதை நாலு பேர் படிப்பார்கள், எல்லோரும் என்னைப்போல் யோசித்துச் செய்கிறவர்களாக இருக்க மாட்டார்கள்.

"டீ கசக்குதுக்கா" என்றான்.

"நாக்குல மருந்துக் கசப்பு. குடி" என்றேன்.

குடித்துவிட்டான். நான் கொடுத்ததை அவன் என்றைக்கும் மீதி வைத்ததில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தாள் நழுவியது. வியர்த்தது. "அக்கா, ஒரு மாதிரியா இருக்கு. டீச்சருக்கு ஒரு போன் பண்ணுக்கா" என்றான்.

"பண்றேன்" என்றேன். பண்ணவில்லை. அந்த நேரத்தில் அவன் மனசு ஆண்டவரிடம் இருக்க வேண்டும், வேறு எங்கேயும் அலையக் கூடாது. பக்கத்தில் முழங்கால் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அவன் காதில், பாவத்துக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னேன். ஆறு வயதில் நான் சொல்லிக்கொடுத்த அதே மந்திரம். இரண்டு வரி கூடச் சொன்னான், அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. பத்து நாற்பதுக்கு முடிந்தது. கண்ணை மூடிவிட்டு, கோப்பையைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் நடவடிக்கை எடுக்காதீர்கள். மருந்தம்மாவைச் சந்தேகப்பட அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றாது.

செவ்வாய்க்கிழமை அடக்கம். நீங்கள் கேட்டீர்கள், டாக்டரே கையெழுத்துப் போட்ட பிறகு, புதைத்த பிறகு, யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லாதபோது நானாக ஏன் இங்கே வந்தேன் என்று. சொல்கிறேன்.

கோயில் நிறையக் கூட்டம். ஆயரே பூசை வைத்தார். பின் வரிசைகளில் லாட்ஜ்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஏப்ரன் இல்லாமல், வெறும் கறுப்புக் கோட்டில். பிரசங்கத்தில் ஆயர் அவனுடைய பொதுச்சேவையைச் சொன்னார், கண் சிகிச்சைப் பிரிவைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்முடைய சகோதரர் வழி தவறிய ஆடாக இருந்து, கடைசி வாரத்தில் முழு மனதோடு மந்தைக்குத் திரும்பினார். அவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தவர் இதோ முதல் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் முதல் வரிசையில்தான் இருந்தேன். ஆனால் நான் அழவில்லை. அவர்கள் பார்த்தது டீச்சரை. கல்லறையில் முதல் பிடி மண்ணைக் கட்சித் தலைவர் போட்டார். இரண்டாவதாக அவளை விட்டார்கள். மூன்றாவதுதான் நான். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பங்குத்தந்தை அவளிடம், "அவர் ஆத்துமத்தக் காப்பாத்திக் குடுத்துட்டீங்கம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அதைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன். ஒருவன் காப்பாற்றப்பட்டிருக்கிறான் என்றால் யார் காப்பாற்றியது என்பது சரியாகப் பதிவாக வேண்டும். அவள் அவனை வாசல் வரைக்கும் கொண்டுவந்திருக்கலாம். உள்ளே அனுப்பியது நான்.

நேற்றுச் சாயங்காலம் பங்குத்தந்தையை வீட்டுக்கு வரவழைத்து, வெறும் பேச்சாகவே சொன்னேன், பாவசங்கீர்த்தனமாக இல்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, முழங்கால் போடுங்க, இப்பவே பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. நீங்க இருக்கறது சாவான பாவத்துல" என்றார். மனஸ்தாபம் இல்லாமல் செய்கிற சங்கீர்த்தனம் செல்லாது ஃபாதர், அதை நீங்கள்தான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள் என்றேன். எனக்கு மனஸ்தாபம் இல்லை. அவனுக்குப் பதிலாக நான் மோட்சத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்றால் நிற்கிறேன். அவர் எழுந்து போகும்போது என்னை ஆசீர்வதிக்க மறந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் முன்னால் உங்கள் மேலதிகாரி கதவைப் பாதி திறந்து உங்களைக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசினார், ஆனால் மருந்து ஜன்னலில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்த காதுக்கு எல்லாம் கேட்கும். "வயசானவங்க, துக்கத்துல ஏதோ ஒளர்றாங்க. வண்டியில கொண்டுபோய் வீட்ல விடுங்க. தலைவர் வேற கேக்கறாரு" என்றார். அவரை எனக்குத் தெரியும். கல் நாட்டிய அன்று மூன்றாவது வரிசையில் வெள்ளைக் கையுறையோடு நின்றவர். அவர் பயப்படுவது நியாயம்தான். லாட்ஜில் இருந்த எம்.எல்.ஏ.வை அக்காவே கொன்றாள் என்று வெளியே வந்தால் பத்திரிகைக்காரர்கள் லாட்ஜின் கதவைத் தட்டுவார்கள். ஆயர் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நான் பைத்தியமாக இருப்பதுதான் சௌகரியம்.

நான் பைத்தியம் இல்லை. இதோ, மீதி மாத்திரை இருக்கிற பாட்டில். மூடியில் என் விரல் ரேகை மட்டும்தான் இருக்கும். குழியைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கும். நீங்கள் எழுதாவிட்டால் நாளைக்கு மாஜிஸ்திரேட்டிடம் போவேன். அவரும் ரெண்டாவது வியாழக்கிழமைக்காரர் என்றால் அதற்கும் மேலே இருக்கிறவரிடம் போவேன். எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், நேரம் நிறைய இருக்கிறது.

எழுதி முடித்ததைப் படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டுமா? போடுகிறேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி என்கிறீர்கள். அவனே லாட்ஜை விட்டுவிட்டான், அவனே கோயிலுக்குத் திரும்பிவிட்டான், நான் மூன்று வருஷமாகக் கேட்டது எல்லாம் நடந்துவிட்டது, அப்புறமும் ஏன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் இன்னும் சின்னப் பிள்ளை, உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களோ என்னவோ. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

அவன் என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.